அலமாரி நிறையத் துணி, உடுத்த ஒன்றுமில்லை

ஜொகூர் பாருவில் சூரியன் தலைகாட்ட ஏறத்தாழ 7 மணியாகிவிடும். ஆனால் அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே அடுக்குமாடி வீடுகளில் வரிசையாக விளக்கு எரியும். மோட்டார் சைக்கிள்கள் பாலத்தை நோக்கிக் கிளம்பியிருக்கும். 1924-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதைக் கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதோ வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினோம் என்பதைப் பொறுத்தது. பத்து நிமிடம் தாமதமாகப் புறப்பட்டால் பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேரலாம் என்பது மற்ற ஊர்க் கணக்கு. இங்கே வீட்டில் விட்ட பத்து நிமிடம், சோதனைச் சாவடி வரிசையில் அரை மணி நேரமாக வளர்ந்து நிற்கும்.

அந்தப் பத்து நிமிடத்தை எங்கே விடுகிறோம்? பெரும்பாலும் அலமாரிக்கு முன்னால்தான். "அலமாரி நிறையத் துணி இருக்கு, உடுத்தத்தான் ஒன்னுமில்ல" என்ற வாக்கியம் கேட்காத தமிழ் வீடு இருக்கிறதா?

காலை நிகழ்ச்சி செய்யும் எனக்கும் இது அன்றாடப் பிரச்சினை. "வானொலியில பேசுறவளுக்கு உடுப்பு எதுக்கு? யார் பார்க்கப் போறாங்க?" என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். இப்போது ஒலிபரப்பு அறைக்குள்ளும் கேமரா வந்துவிட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் விளம்பரதாரர் சந்திப்பு, பிறகு ஒரு பள்ளி நிகழ்ச்சி, மாலையில் கல்யாண வரவேற்பு என்று அதே உடையோடு ஓட வேண்டிய நாள்களும் உண்டு. ஆகவே சில ஆண்டுகளாக ஒரு கணக்கை வைத்துக்கொண்டு உடுத்துகிறேன். அதைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். அழகாக உடுத்துவது பற்றிய பேச்சுதான். ஆனால் நம் தூக்கமும் பணமும் அதற்குள் இருக்கின்றன.

அலமாரிக்குள் யார் யார்?

உங்கள் வீட்டு அலமாரியை மேலிருந்து கீழே ஒருமுறை பாருங்கள். மேல்தட்டில் பட்டுப் புடவைகள். அடுத்து, கடந்த ஐந்து தீபாவளிகளின் உடைகள். ஒவ்வொன்றும் ஒரு நாளோ இரண்டு நாளோ வெளிச்சம் பார்த்தவை. அதற்குக் கீழே, கல்யாண வீடுகளில் வெற்றிலை பாக்கோடு கிடைத்து இன்னும் தைக்கப்படாத ரவிக்கைத் துணிகள். ஓரமாக, கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, கம்பெனிக் குடும்ப தினம் என்று இலவசமாக வந்து சேர்ந்த டீ-சட்டைகள். "கொஞ்சம் மெலிஞ்சதும் போடலாம்" என்று மடித்து வைத்த சிலுவார்கள். மலிவு விற்பனையில் வாங்கிய, எதனோடும் சேராத ஒரு பச்சைப் பாவாடை. இத்தனைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு, வாரத்தில் ஐந்து நாளும் உண்மையில் உழைக்கிற ஆறேழு உடைகள்.

உழைக்கிற துணியும் ஓய்வில் இருக்கிற துணியும் ஒரே தட்டில் கலந்து கிடக்கின்றன. அதனால்தான் தினமும் காலையில் ஐம்பதைத் தள்ளிவிட்டு ஐந்தைத் தேட வேண்டியிருக்கிறது. முதல் வேலை, இந்த இரண்டு கூட்டத்தையும் பிரிப்பது. எதையும் வீசிவிடச் சொல்லவில்லை. பட்டும் தீபாவளி உடையும் தனி இடத்துக்குப் போகட்டும். வேலை நாள் உடைகளுக்கு மட்டும் ஒரு கம்பி, ஒரு தட்டு ஒதுக்குங்கள். காலையில் அந்தப் பக்கம் மட்டும் திறந்தால் போதும்.

இப்படிச் சிறிய எண்ணிக்கையில், ஒன்றோடொன்று சேரும் உடைகளைத் தனியாக வைத்துக்கொள்வதை ஆங்கில நாகரிக உலகம் 'கேப்சூல் வார்ட்ரோப்' என்கிறது. 1970களில் லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபோ என்ற பெண்மணி இந்த யோசனையைப் பரப்பினார். 1985-இல் நியூயார்க் வடிவமைப்பாளர் டோனா கரன், வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஒன்றோடொன்று சேரும் ஏழு உடைகளைக் கொண்ட தொகுப்பை வெளியிட்டுப் பெயர் பெற்றார். யோசனை நல்லது. ஆனால் அந்த ஊர்ப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டால் கம்பளிக் கோட்டும் நீண்ட பூட்ஸும் வாங்கிக்கொண்டு தெப்ராவ் சாலையில் வியர்த்து நிற்க வேண்டியதுதான்.

நமக்குத் தெரிந்த உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது: பள்ளிச் சீருடை. வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை அல்லது சிலுவார். பதினோரு ஆண்டுகள் நாம் யாரும் காலையில் "இன்னிக்கு என்ன போடலாம்?" என்று யோசித்ததில்லை. எண்ணிக்கை குறைவு, நிறம் முடிவானது, எல்லாம் எல்லாவற்றோடும் சேரும். பெரியவர்களின் அலமாரிக்கும் இந்த மூன்று குணங்கள் போதும். அதில் நம் விருப்பத்தையும் அழகையும் சேர்த்துக்கொள்ளும் உரிமை இப்போது நமக்கு இருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டிமார்களும் குறைந்த துணியில்தான் வாழ்ந்தார்கள். பால்மரத்துக்குப் போக ஒன்று, வீட்டுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. அதை எளிமை என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நம்முடைய நெருக்கடி வேறு. வாங்க வழி வந்த பிறகு, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

எத்தனை துணி? கொடியைக் கேளுங்கள்

"ஒருவருக்கு எத்தனை உடை போதும்?" என்று கேட்டால் 33 என்பார்கள், 37 என்பார்கள். என் பதில்: உங்கள் துணிக்கொடியைக் கேளுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்கிறீர்கள், காய எத்தனை நாள் ஆகிறது என்ற இரண்டும் தெரிந்தால் எண்ணிக்கை தானாக வந்துவிடும்.

வாரத்தில் ஐந்து நாள் வேலை, புதன் இரவும் சனிக்கிழமையும் துவைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக் கடைசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் போட்ட துணி காய இரண்டு நாள் எடுக்கும். திங்கள், செவ்வாய், புதன் அணிந்த மூன்று மேல்சட்டைகள் புதன் இரவு துவைக்கப்பட்டு வெள்ளி மாலைதான் திரும்பி வரும். வியாழனுக்கும் வெள்ளிக்கும் வேறு இரண்டு வேண்டும். ஆக ஐந்து. காப்பி சிந்தினால் மாற்றிக்கொள்ள ஒன்று. மொத்தம் ஆறு. சிலுவாரையோ பாவாடையையோ இரண்டு முறை அணிந்துவிட்டுத் துவைக்கலாம். ஆகவே மூன்று போதும்.

ஆறு மேல்சட்டை, மூன்று கீழாடை. எல்லாம் எல்லாவற்றோடும் சேரும் என்றால் 18 விதமாக உடுத்தலாம். மேலே போட்டுக்கொள்ள ஒரு கார்டிகனும் ஒரு பிளேசரும் இருந்தால், அவை இல்லாமலும் சேர்த்துக் கணக்கிட 54 விதம். பதினோரு துணிகளில் ஏறத்தாழ இரண்டரை மாத வேலை நாள்கள்! சேராத பச்சைப் பாவாடை ஒன்று அலமாரியில் இருந்தால் இந்தக் கணக்கில் அது எதையும் கூட்டாது.

நம் நகர மையத்தில் ஜாலான் டோபி என்றொரு தெரு இருக்கிறது. இன்று காப்பிக் கடைகளுக்காக இளைஞர்கள் தேடிப் போகும் இடம். துணி வெளுத்துப் பிழைத்த நம்மவர்களால் அந்தப் பெயர் வந்தது. அந்தத் தெருப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: துணியை விற்கிற கடைக்காரர் எவ்வளவு வாங்கலாம் என்று மட்டுமே சொல்வார். எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பது வெளுக்கிறவருக்குத்தான் தெரியும். வீட்டில் அந்த வேலையைச் செய்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. 2014 முதல் வெள்ளி, சனி என்றிருந்த ஜொகூரின் வார விடுமுறை, 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. கணவர் சிங்கப்பூரில், மனைவி இங்கே அரசாங்க வேலையில் என்று இருந்த வீடுகளில் இருவரும் ஒன்றாக வீட்டில் இருந்த முழு நாள் சனிக்கிழமை மட்டும்தான். இப்போது இரண்டு நாள் கிடைக்கிறது. துவைப்பதையும் மடிப்பதையும் ஒருவர் தலையில் கட்ட இனிக் காரணம் இல்லை.

நிறம்: பிறர் சொன்னதை மறந்துவிடுங்கள்

எல்லாம் எல்லாவற்றோடும் சேர வேண்டுமானால் நிறத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். கீழாடைக்கு அடிப்படை நிறம் இரண்டு போதும்: கருநீலமும் சாம்பலும், அல்லது கறுப்பும் காப்பிப் பழுப்பும். மேல்சட்டைகளில் இரண்டு வெளிர் நிறம், மூன்று அடர் நிறம், ஒன்று பூப்போட்டதோ கோடு போட்டதோ. பூவேலை இருப்பது மேலே என்றால் கீழே வெறும் நிறம். இந்த ஒரு விதி இருந்தால் கண்ணாடி பார்க்காமலே உடுத்தலாம்.

கறுப்பையும் கருநீலத்தையும் சேர்த்து வைக்காதீர்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். இருட்டோடு எழுந்து குழல்விளக்கில் உடுத்துகிறோம். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அலுவலகத்துக்குப் போய் வெயிலில் நிற்கும்போதுதான் மேலே கறுப்பு, கீழே நீலம் என்று தெரியவரும்.

நிறம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "நீ கொஞ்சம் கறுப்பு, அடர் நிறம் போடாதே", "மஞ்சள் உனக்கு எடுக்காது" என்று சின்ன வயதில் கேட்காத தமிழ்ப் பெண்கள் குறைவு. பையன்களுக்கும் இது நடக்கிறது, வெளியே சொல்லமாட்டார்கள். விளைவாக முப்பது வயதிலும் பலருடைய அலமாரியில் வெளிறிய இளஞ்சிவப்பும் சந்தன நிறமும் மட்டும் இருக்கின்றன. பிடித்து வாங்கியவை அல்ல, பயந்து வாங்கியவை.

காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்கு இந்தப் பயம் இருந்ததில்லை. அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று அவர்கள் நெய்த நிறங்கள் நம்மவர்களின் மேனி நிறத்தில் எப்படி ஒளிர்கின்றன என்பதை எந்தக் கல்யாண வீட்டிலும் பார்க்கலாம். புடவையில் எடுக்கும் நிறம் சட்டையில் எடுக்காமல் போகுமா? ஓர் அரக்கு நிற மேல்சட்டை, ஒரு மயில்கழுத்து நிறக் குர்தி, ஒரு கடுகு மஞ்சள் சட்டை. இந்த மூன்றும் கருநீலச் சிலுவாரோடு அழகாகச் சேரும். வாங்கும் முன் கடையின் மஞ்சள் விளக்கில் பார்க்காதீர்கள். துணியை வாசல் பக்கம் கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில் முகத்துக்கு அருகே பிடித்துப் பாருங்கள். முகம் தெளிவாகத் தெரிந்தால் அது உங்கள் நிறம்.

துணி: வெளியே வெயில், உள்ளே குளிர்

நம் ஊர் உடைக்கு ஒரே நாளில் மூன்று பருவம். காலையில் புழுக்கம், அலுவலகத்தில் குளிர்சாதனக் குளிர், மாலையில் இடியோடு மழை. அதனால் மெல்லிய துணியை உள்ளே அணிந்து, மேலே ஒன்றைப் போட்டுக் கழற்றும் முறைதான் வசதி. பருத்தி வியர்வையை உறிஞ்சும். ஆனால் தடித்த பருத்தி காய நேரமாகும். ரேயான் உடம்புக்குக் குளிர்ச்சி, மெதுவாகத் துவைக்க வேண்டும். லினன் காற்றோட்டமானது, பேருந்தில் உட்கார்ந்து எழுந்தால் கசங்கிவிடும். முழு பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், இஸ்திரி கேட்காது, ஆனால் நண்பகலுக்குள் வாடை வந்துவிடும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி அலுவலகச் சட்டைக்கு நல்ல சமரசம். துவைத்ததும் நன்றாக உதறி, ஹேங்கரிலேயே மாட்டிக் காயப்போட்டால் பாதிச் சுருக்கம் போய்விடும். இஸ்திரிப் பெட்டிக்கு முன் நிற்கும் நேரமும் காலை நேரம்தானே.

மோட்டார் சைக்கிளில் பாலம் கடப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி அணிந்திருப்பார்கள். எதிர்க்காற்றும் புகையும் சட்டையின் முன்பக்கத்தைத் தொடாது. போய்ச் சேர்ந்ததும் கழற்றினால் உள்ளே சட்டை புதிதாக இருக்கும். எந்த வடிவமைப்பாளரும் சொல்லித்தராத, சாலையிலேயே பிறந்த உடை அறிவு அது. பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை: பின்னால் உட்கார்ந்து போகும்போது துப்பட்டாவும் புடவை முந்தானையும் சக்கரத்தில் சிக்கும் ஆபத்து உண்டு. துப்பட்டா பையில் இருக்கட்டும், அலுவலகத்தில் போட்டுக்கொள்ளலாம். வேலையிடத்து இழுப்பறையில் ஒரு ஜோடிக் காலணியும் ஒரு கார்டிகனும் நிரந்தரமாக வைத்துவிட்டால் காலையில் யோசிக்க வேண்டியவை இரண்டு குறையும்.

யாருக்கு எது?

அலுவலகம் போகும் பெண்ணுக்கு: நான்கு மேல்சட்டை, இரண்டு குர்தி, இரண்டு நேர்வெட்டுச் சிலுவார், முழங்காலுக்குக் கீழே வரும் ஒரு பாவாடை, ஒரு கார்டிகன், ஒரு பிளேசர். குர்தி அதே சிலுவாரோடு சேருமாறு வாங்குங்கள்; அதற்கென்று தனியாக லெகிங்ஸ் தேடும் வேலை மிச்சம்.

ஆண்களுக்கு: ஐந்து சட்டை, இரண்டு சிலுவார் போதும் என்று நினைப்பீர்கள். மழைக்காலத்தில் இரண்டு சிலுவார் போதாது, மூன்றாக்குங்கள். காலணி கறுப்பு என்றால் பெல்ட்டும் கறுப்பு. காலுறை எல்லாம் ஒரே நிறம், ஒரே வகை. ஜோடி தேடும் வேலையே இருக்காது. அரசாங்க அலுவலகங்களில் வியாழக்கிழமை பாத்திக் நாள். நல்ல பாத்திக் சட்டை இரண்டு இருந்தால் வியாழனுக்கும் ஆயிற்று, மாலை விருந்துக்கும் ஆயிற்று.

புடவை உடுத்தும் ஆசிரியைகளுக்கு: புடவைக்கொரு ரவிக்கை என்பதை மாற்றிப் பாருங்கள். கறுப்பு, அரக்கு, மங்கிய தங்க நிறம் என்று மூன்று ரவிக்கைகளை அளவெடுத்து நன்றாகத் தைத்துக்கொண்டால் பத்துப் புடவைக்கு ஈடுகொடுக்கும். வேலை நாளுக்குக் கஞ்சி கேட்காத, மடிப்பு நிற்கும் புடவைகளை மட்டும் முன்னால் வையுங்கள்.

தொழிற்சாலைச் சீருடை அணிபவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்கலாம். அவர்களுக்குத்தான் வேலைக்கு வெளியே போடும் உடை முக்கியம். நல்ல நிலையில் இரண்டு ஜோடி இருந்தால், திடீரென்று நேர்முகத் தேர்வு வந்தாலும் கடைக்கு ஓட வேண்டாம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 120 ரிங்கிட் சிலுவாரை வாரத்துக்கு இரண்டு முறை ஓராண்டு அணிந்தால் ஒரு முறைக்கு ஏறத்தாழ 1 ரிங்கிட் 15 சென் ஆகிறது. மலிவு என்று 35 ரிங்கிட்டுக்கு வாங்கி ஒரே முறை உடுத்திய சட்டையின் விலை 35 ரிங்கிட்டேதான். பணம் நெருக்கடி என்றால் பண்டல் கடைகளைத் தயங்காமல் பாருங்கள். அக்குளும் தொடையிடுக்கும் நைந்திருக்கிறதா, ஜிப் ஓடுகிறதா என்று பார்த்து வாங்கினால் நல்ல பிளேசர்கூடக் கிடைக்கும். மிச்சப் பணத்தை ஜாலான் துருஸ் பக்கத்துத் தையல்காரரிடம் கொடுத்து உங்கள் உடம்புக்குச் சரிசெய்துகொள்ளுங்கள். அளவாகப் பொருந்தும் பழைய சட்டைக்கு, தோளில் தொங்கும் புதுச் சட்டை ஈடாகாது.

பழைய உடம்புக்கு ஒரு பெட்டி

என் தோழி ஒருத்திக்கு இரண்டு பிள்ளைகள். சிங்கப்பூரில் கணக்காய்வு வேலை. அவள் அலமாரியைச் சேர்ந்து ஒழுங்குபடுத்த ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். வேலை நாள் உடைகளைத் தனியாக எடு என்றபோது, நல்லவை எல்லாம் கல்யாணத்துக்கு முன் வாங்கியவை என்று தெரிந்தது. "ரெண்டாவது பிள்ளை பொறந்ததுக்கு அப்புறம் எனக்குன்னு வாங்கல. உடம்பு குறையட்டும்னு இருக்கேன்" என்றாள். பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டேன். ஆறு.

ஆறு ஆண்டுகளாகத் தினமும் காலையில் அந்த அலமாரி அவளைத் திறந்ததும் குறை சொல்லியிருக்கிறது. அன்று பழைய சிலுவார்களை ஒரு பெட்டியில் போட்டு மேலே ஏற்றினோம். தூக்கிப்போடச் சொல்லவில்லை, ஆசை இருந்தால் இருக்கட்டும். மாலையில் போய் இப்போதைய அளவில் மூன்று சிலுவார் வாங்கினாள். அடுத்த வாரம் அனுப்பிய குரல்பதிவில் சொன்னாள்: "மூச்சு விட்டு உட்கார முடியுதுடி."

வீட்டில் தாய்தான் கடைசியாக உடுத்துகிறாள். பிள்ளைகளின் சீருடை, கணவரின் சட்டை, எல்லாம் எடுத்துக் கொடுத்த பிறகு மிஞ்சுகிற மூன்று நிமிடம் அவளுடையது. ஆகவே குட்டி அலமாரி அம்மாவுக்கு மட்டும் என்றால் பயனில்லை. பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் ஐந்து கொக்கி அடித்து, வாரத்துச் சீருடைகளை ஞாயிறே மாட்டிவிட்டால் ஏழு வயதுப் பிள்ளை தானே எடுத்து உடுத்தும். அப்பாக்களும் எடுத்து உடுத்துவார்கள் என்று நம்புவோம்.

"போன வாரமும் இதைத்தானே போட்டிருந்தே?"

எல்லாம் சரி, ஒரே உடையைத் திரும்பத் திரும்பப் போட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கேள்வி வரும். இதற்கு என் தொழிலிலிருந்தே ஓர் உண்மைக் கதை. ஆஸ்திரேலியாவில் காலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி செய்த கார்ல் ஸ்டெஃபனோவிச், ஒரே நீலக் கோட்டை ஓராண்டு அணிந்து வந்ததாக 2014 நவம்பரில் வெளிப்படுத்தினார். யாரும் கவனிக்கவில்லை. அவரோடு நிகழ்ச்சி நடத்திய லிசா வில்கின்சனின் உடைகளைப் பற்றியோ நேயர்கள் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வேறுபாட்டைக் காட்டத்தான் அப்படிச் செய்ததாக அவர் சொன்னார்.

இதிலிருந்து இரண்டு தெரிகிறது. ஒன்று, நாம் நினைக்கும் அளவுக்கு யாரும் நம் உடையை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு, எண்ணுகிறவர்கள் பெண்களைத்தான் எண்ணுகிறார்கள். இரண்டாவதை மாற்ற வேண்டியது எண்ணுகிறவர்கள். அதற்காக நாம் சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் துணிக்கடையில் கட்ட வேண்டியதில்லை. "போன வாரமும் இதைத்தானே போட்டிருந்தே?" என்று யாராவது கேட்டால், "ஆமாம், நல்லா இருக்குல்ல?" என்று கேளுங்கள்.

இந்த ஞாயிறு மாலை

அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வாரத்தின் நாள்காட்டியைப் பாருங்கள்: எந்த நாளில் கூட்டம், எந்த நாளில் பிள்ளையின் பள்ளி, வியாழன் பாத்திக்கா. ஐந்து ஹேங்கர் எடுத்து, ஒவ்வொன்றிலும் மேல்சட்டையும் கீழாடையும் சேர்த்து மாட்டுங்கள். பொத்தான் அறுந்திருந்தால் அப்போதே தைத்துவிடுங்கள். வாரக் கடைசியில், மாட்டியும் எடுக்காமல் விட்ட ஹேங்கர் எது என்று பாருங்கள். ஏன் எடுக்கவில்லை? இறுக்கமா, கசங்குகிறதா, நிறம் பிடிக்கவில்லையா? அந்தப் பதிலை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் தவறான துணி வீட்டுக்கு வராது.

புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஆர்.டி.எஸ். ரயிலில் போக ஏறத்தாழ 5 நிமிடம்தான் என்பது கணக்கு. அலமாரியிலிருந்து வாசலுக்கு வர நம் வீட்டில் எத்தனை நிமிடம் என்று நாளைக் காலை கடிகாரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். மிச்சமான நேரத்தை வீட்டு வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். தூங்குங்கள், அல்லது உட்கார்ந்து ஒரு தேநீர் குடியுங்கள். வானொலி கேட்டுக்கொண்டே குடித்தால் எனக்கும் மகிழ்ச்சி.

அடுத்த வாரம் சந்திப்போம்.